சென்டரில் யார்?

சனிக்கிழமை காலை பேஸ்பால் பயிற்சியில் ஆபெல் கான்ட்டூ மூன்றாவது முறையாக உயரப் பந்தைக் கோட்டைவிட்டபோது, டுவேன் ரக்கர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான்.

முதல் பந்துக்கு வெயிலைக் காரணம் சொல்லலாம். இரண்டாவதற்குக் காற்றைச் சொல்லலாம். செப்டம்பர் மாதத்து கான்சாஸில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மூன்றாவது பந்து சோம்பலாக மேலே போய், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடும்படி இறங்கியது. ஆபெல் அதன் கீழே போய் நின்றான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். இடது கண்ணை மூடினான். பந்து கையுறைக்குள் விழாமல் மணிக்கட்டில் பட்டுத் தெறித்துப் புல்லில் உருண்டது.

ஆபெல் அப்படி விடுகிறவன் இல்லை. இருபது வயது. மே மாதம் லரேடோவிலிருந்து ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவன், ஜூலைக்குள் மார்லோ ஊரின் மில்லர்ஸ் அணியில் டுவேனின் இடத்தைப் பிடித்துவிட்டான். சென்டர் ஃபீல்ட் என்பது மைதானத்தின் பின்பக்கம் நடுவில் இருக்கிற பெரிய வெளி; பந்து அடிபடும் சத்தத்தை வைத்தே ஓட ஆரம்பிக்கிறவனுக்குத்தான் அது சரிப்படும். ஆபெல் அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே ஓடுகிறானோ என்று தோன்றும்.

வியாழக்கிழமை ஆட்டத்தில் அவன் இரண்டாவது பேஸுக்குச் சறுக்கிப் போனபோது எதிரணிக்காரன் எறிந்த பந்து இடது கண்ணுக்குக் கீழே அடித்தது. கன்னம் வீங்கிக் கறுத்தது. அணியின் மருத்துவ உதவியாளர் கிரெட்டா அவனைச் சோதித்துவிட்டு, ஒருநாள் ஓய்வு போதும் என்றாள். வெள்ளிக்கிழமை அவனுக்குப் பதில் டுவேன் ஆடினான். மில்லர்ஸ் ஜெயித்தார்கள். ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதிப் போட்டியில் மில்லர்ஸுக்கும் எதிரணி ஆர்டன் சிட்டிக்கும் தலா இரண்டு வெற்றி. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம்.

அதில் சென்டரில் யார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. டுவேனுக்கு முப்பத்திநாலு வயது. பதினான்கு வருடமாகச் சின்ன ஊர்களிலும் பெரிய பஸ்களிலும் ஓடிய வாழ்க்கை. நடுவில் ஒருமுறை, பத்து வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது நாள் உச்ச லீகில் இருந்தான். வலது முழங்கால் இப்போது மாடிப்படியில்கூடக் கிறீச்சிட்டது. இந்த ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்திருந்தான். ஆபெலுக்கோ இதுதான் ஆரம்பம். ஒரு பெரிய அணியின் ஆள்தேர்வாளர் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்ப்பதற்கென்றே காரில் வருவதாக இருந்தது.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு, டுவேன் ஆபெலை இருக்கை வரிசைகளுக்குப் பின்னால் நிழலுக்குக் கூட்டிப்போனான்.

"எத்தனை பந்து தெரியுது உனக்கு?"

"என்னண்ணே கேள்வி இது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஆபெல் ஷூவைக் கழற்றி அதற்குள் இல்லாத மண்ணைத் தட்டினான். "நேரா பாத்தா ஒண்ணுதான். பேட்டப் புடிச்சு நின்னா ஒரு தொந்தரவும் இல்ல. மேல பாத்தாதான்."

"மேல பாத்தா?"

"ரெண்டு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு."

"கிரெட்டாகிட்ட சொன்னியா?"

"அவங்க விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுனாங்க. மேல பாக்கச் சொல்லல."

"சொல்லலன்னா நீயா சொல்ல மாட்டியா?"

"சொன்னா நாளைக்கு யார் ஆடுவா?" ஆபெல் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதான ஆடுவீங்க."

அதில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டா ஒண்ணாயிடுது" என்றான் ஆபெல். "பழகிட்டு வருது. நாளைக்கு ஒரு நாள்தான். அதுக்கப்புறம் எந்த டாக்டர்கிட்ட போகச் சொன்னாலும் போறேன்."

"ஒரு கண்ணுல தூரம் தெரியாதுடா. காலைல மூணு விட்ட."

"மத்ததெல்லாம் புடிச்சேன்ல."

"மூஞ்சில விழுந்தா என்ன பண்ணுவ? ஏற்கெனவே அடிபட்ட இடம்."

ஆபெல் ஷூவைப் போட்டுக்கொண்டான். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. வீக்கத்தாலா என்று தெரியவில்லை. "அந்த ஆளு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றாரு. திரும்ப வர மாட்டாரு. உங்களுக்குப் பத்தொன்பது நாள் கிடைச்சுது அண்ணே. எனக்கு ஒண்ணு கூட இல்ல. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றும் டுவேன் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆர்கன்சாவிலிருந்து மனைவி நடீனும் மகள் இமானியும் வந்து சேர்ந்தார்கள். தகப்பனின் கடைசி ஆட்டம் என்று இமானி ஒரு பெரிய அட்டையில் அவன் சட்டை எண்ணை வண்ணம் வண்ணமாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மோட்டல் நீச்சல் குளத்தில் அவள் குதித்துக்கொண்டிருக்க, டுவேன் மனைவியிடம் நடந்ததைச் சொன்னான்.

"கோச்கிட்ட சொல்லு" என்றாள் நடீன். யோசிக்கவே இல்லை.

"சொன்னா நான் என் இடத்துக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. ஜூலைல பேப்பர்ல வந்தது உனக்கு ஞாபகம் இல்லையா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. இடம் பறிபோன வாரத்தில், ஊர்ப் பத்திரிகையின் நிருபரிடம் டுவேன் எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டுவிட்டான்: 'ஓடத் தெரிந்தவனெல்லாம் சென்டர் ஆட்டக்காரன் ஆகிவிட முடியாது.' மறுநாள் யாரோ அதைக் கத்தரித்து அவன் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அணியில் பாதிப்பேர் அவனோடு வானிலையைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை.

"நாளைக்கு உனக்கு ஆடணுமா?" என்று கேட்டாள் நடீன்.

"ஆடணும். ரொம்ப."

"சரி. அது வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

"வெளியில இருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், நடீன்." குளத்தைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கே சில நேரம் அப்படித்தான் தெரியுது. அவன் பந்தை விட்டப்ப, முதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நல்லதாப் போச்சுன்னு தோணுச்சு. கண்ணுல கோளாறுன்னு அப்புறம்தான் உறைச்சுது."

நடீன் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வெர்ன் ஸ்டாக்கர்ட் தன் அறைக்கு டுவேனைக் கூப்பிட்டனுப்பினார். அறுபத்தொரு வயது கோச். வாயில் சூரியகாந்தி விதை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மேசைமேல் ஆட்டக்காரர் பட்டியல் கிடந்தது. எட்டுப் பெயர் எழுதியிருந்தார். சென்டருக்கு நேரே காலியாக இருந்தது.

"உக்காரு" என்றார். "ஓனர் அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. ஆள்தேர்வாளர் வர்றாரு, பையனப் போடுங்கன்னு. ஊர்க்காரங்க உன்னப் போடுங்கன்னு என் பெண்டாட்டியப் புடிச்சுக் கடையில வச்சுக் கேக்கறாங்க. ரெண்டு பேருக்கும் நியாயம் இருக்கு. பையன் வேகம். நீ பதட்டப்படாதவன். நேத்து ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. உங்கிட்டயே கேட்டுருவோம்னு கூப்பிட்டேன். நீயா இருந்தா யாரப் போடுவ?"

இதைவிட மோசமாகக் கேட்டிருக்க முடியாது. ஆபெலைப் போடுங்கள் என்றால் நல்லவன் என்று பெயர் கிடைக்கும். மனைவிக்கும் மகளுக்கும் வருத்தம், அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னால் என்ன பெயர் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"அவனுக்கு மேல பாத்தா எல்லாம் ரெண்டாத் தெரியுது, கோச்."

வெர்ன் மெல்லுவதை நிறுத்தினார். "யார் சொன்னா?"

"அவனே சொன்னான். நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானமே தெரியும். இப்ப வந்து சொல்ற."

"ஆமா. தப்புதான்."

"கிரெட்டா ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துருக்கா."

"அவங்க மேல பாக்கச் சொல்லல."

வெர்ன் நாற்காலியில் சாய்ந்து அவனையே பார்த்தார். பதினெட்டு மாதம் சேர்ந்து வேலை செய்தவர்கள். அந்தப் பார்வையில் என்ன ஓடுகிறது என்று டுவேனுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

"என்னப் போட வேண்டாம்" என்றான் டுவேன். சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது, வாயிலிருந்து வந்துவிட்டது. "கிம்பலை லெஃப்ட்ல இருந்து சென்டருக்கு நகத்துங்க. லெஃப்ட்ல வேற யாரையாவது போடுங்க. நான் பெஞ்ச்ல உக்காந்துக்கறேன். அப்பயாவது நம்புவீங்கல்ல?"

"உன் பொண்டாட்டி, பொண்ணு எல்லாம் வந்துருக்காங்க."

"தெரியும்."

வெர்ன் எழுந்தார். "வெளிய வா. நானே பாத்துடறேன்."

கிரெட்டாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் சிறுவர் ஆட்டம் ஒன்றில் வேலையாக இருந்தாள். மூன்று மணிக்கு மேல்தான் வருவாள். டுவேன் போன் அடித்தான். எடுக்கவில்லை. செய்தி விட்டான்.

வெர்ன் தானே பேட்டை எடுத்துக்கொண்டு ஆபெலை வெளியில் நிறுத்தி உயரப் பந்துகளாக அடித்தார். டுவேன் சட்டை மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்கு வருகிற சுரங்கவழியின் வாயிலில் நின்று பார்த்தான். ஆபெல் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தான். முதல் பந்தைப் பிடித்தான். இரண்டாவதையும் பிடித்தான். பத்துப் பந்து அடித்தார் வெர்ன், பத்தையும் பிடித்தான். ஏழாவது மட்டும் கையுறையின் நுனியில் தொங்கியது, ஆனாலும் விழவில்லை. பிடித்துவிட்டு ஆபெல் சுரங்கவழியின் பக்கம் ஒருமுறை திரும்பினான். கண்ணாடிக்குப் பின்னால் என்ன பார்வை என்று தெரியவில்லை.

வெர்ன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பத்துக்குப் பத்து."

"கண்ணாடிய கழட்டச் சொன்னீங்களா? உள்ள ஒரு கண்ண மூடிட்டு நிக்கறான் கோச். நீங்க அடிச்சதெல்லாம் நின்ன இடத்துக்கு வந்த பந்து. ஓடிப்போய்ப் புடிக்கிற பந்து இல்ல."

"வெயில் நேரா அடிக்குது. எனக்கே கண்ணு கூசுது." வெர்ன் அவன் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் இரக்கம் இருந்தது, அதுதான் வலித்தது. "நான் அவன்கிட்டயும் நேராக் கேட்டேன். ஒண்ணும் இல்லன்னுட்டான். பையன் சொல்றான், கிரெட்டா காகிதம் சொல்லுது, பத்துப் பந்து சொல்லுது. நீ ஒருத்தன் மட்டும் வேற சொல்ற. நான் என்ன பண்ணட்டும்?"

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் சுவரில் ஏறியது. சென்டர்: கான்ட்டூ.

விஷயம் அதற்குள் பரவியிருந்தது. சட்டை மாற்றும் அறையில் யாரும் டுவேனின் பக்கம் பார்க்கவில்லை. லெஃப்ட் ஆடுகிற ராஸ் கிம்பல் மட்டும் சத்தமாகவே சொன்னான்: "கடைசி நாள்லயாவது பெரிய மனுஷனா நடந்துக்கலாம்ல, பெரிசு?" கிம்பல் நல்ல உயரம், நல்ல கனம், பந்துக்குப் பாய்ந்தால் லாரி மாதிரி வருவான். ஆபெலுக்குப் பக்கத்தில் ஆடப்போகிறவன் அவன்தான்.

டுவேன் அவன் எதிரில் போய் நின்றான். "என்னை என்ன வேணா நினைச்சுக்க. ஒண்ணு மட்டும் கேளு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உயரமா பந்து போச்சுன்னா, அவன் 'என்னோடது'ன்னு கத்துனாலும் நீ ஒதுங்காத. நீயே புடி."

"சென்டர் கத்துனா லெஃப்ட் ஒதுங்கணும். அது கூடவா மறந்துபோச்சு?"

"மறக்கல. உனக்கு ரெண்டு சின்னக் கொழந்தைங்க இருக்கு. அவனுக்குப் பந்து எங்க இருக்குன்னு தெரியாது. ரெண்டு பேரும் மோதிக்கிட்டீங்கன்னா அவன் மண்டையும் போச்சு, உன் காலும் போச்சு."

கிம்பல் டுவேனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கையுறையை எடுத்துக்கொண்டு போனான்.

ஆட்டம் தொடங்கியபோது ஊரில் பாதி அங்கே இருந்தது. தீவன ஆலையிலிருந்து அரைத்த சோள வாசனை காற்றில் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வரிசையில் இமானி அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தகப்பன் ஏன் வெளியே வரவில்லை என்று தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், முழங்காலில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, ஒருத்தரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆள்தேர்வாளர்.

டுவேன் பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். எதிரணிக்காரன் ஒவ்வொரு முறை பேட்டைச் சுழற்றும்போதும் அவன் பந்து போகும் திசையைப் பார்த்தான். தரையோடு போகிற பந்து என்றால் தோள் இறங்கும். மேலே எழும்பினால் எழுந்து நின்றுவிடுவான்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ஆபெல் பேட் பிடித்தான். நேரே வருகிற பந்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது பந்தை இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே வேலிவரை அனுப்பிவிட்டு இரண்டாவது பேஸில் போய் நின்றான். முன்பே பேஸில் நின்ற ஒருவன் ஓடி வந்து ரன் எடுத்தான். வெள்ளைத் தொப்பிக்காரர் குனிந்து எழுதினார். மைதானமே எழுந்து கத்தியது. வெர்ன் திரும்பி டுவேனைப் பார்த்தார்.

மூன்றாவதில் ஒரு பந்து சென்டரை நோக்கி எழும்பியது. ஆபெல் முன்னால் வந்தான், நின்றான், பின்னால் இரண்டடி போனான், மறுபடி முன்னால் வந்தான். கடைசி நொடியில் கையை நீட்டினான். பந்து அகப்பட்டது. ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். பையன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

இன்னிங்ஸ் முடிந்து வந்தவன் நேரே பெஞ்சுக்குப் பின்னால் போனான். குமட்டுகிற சத்தம் கேட்டு டுவேன் போய்ப் பார்த்தான். ஆபெல் குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"போதும்டா" என்றான் டுவேன். "அடிச்சுட்ட. அந்த ஆளு பாத்துட்டாரு. எழுதிக்கிட்டாரு. இப்ப போய் முடியலன்னு சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இன்னொரு தடவை பேட் புடிச்சா போதும்."

"நடுவுல எத்தனை பந்து மேல வரும்?"

"ரெண்டுல ஒண்ண எடுத்துக்கிட்டேன். சரியான ஒண்ணாப் போச்சு." ஆபெல் வாயைக் கழுவினான். "நீங்க கோச்கிட்ட சொல்லிட்டீங்க. நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டேன்."

"சொன்னேன். மறுபடியும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. நம்புவாங்களான்னு பாக்கறேன்."

டுவேன் போய்ச் சொன்னான், வாந்தி எடுத்ததையும் சேர்த்து. வெர்ன் ஆபெலைக் கூப்பிட்டுக் கேட்டார். காலையில் சாப்பிட்ட முட்டை சரியில்லை என்றான் ஆபெல். வெர்னின் முகம் மாறியிருந்தது; ஆனாலும் மூன்றுக்கு இரண்டு என்று ஒரே ஒரு ரன்னில் முன்னால் இருக்கிற ஆட்டம், இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற ஓனர் அம்மா. "அடுத்த பந்தைப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார். டுவேனிடம் அதைச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

அடுத்த உயரப் பந்து ஆறாவது இன்னிங்ஸில்தான் வந்தது.

ஆர்டன் சிட்டிக்காரன் ஒருவன் பந்தின் அடியில் தட்டினான். அது மிக உயரமாக, சென்டருக்கும் லெஃப்ட்டுக்கும் நடுவே போனது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேரும் ஓடினார்கள். "என்னோடது" என்று ஆபெல் கத்தினான். மறுபடியும் கத்தினான். கிம்பல் இருபதடி தூரத்தில் இருந்தான், முழு வேகத்தில். நிற்க வேண்டும், அதுதான் முறை. பத்து வருடமாக நின்று பழகிய கால்கள். டுவேன் பெஞ்சின் படியில் நின்று கம்பியைப் பிடித்திருந்தான். கத்தினால் இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

கிம்பல் தயங்கியது தெரிந்தது. ஒரு அடி, ஒன்றரை அடி. பிறகு அவன் நிற்கவில்லை. ஆபெலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்து, புல்லில் விழுந்து, பந்தைப் பிடித்துவிட்டான்.

ஆபெல் அசையவில்லை. தலையை நிமிர்த்தி, கையுறையை விரித்து, வராத பந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அவன் கை நீட்டியிருந்த இடத்துக்கும் கிம்பல் விழுந்து கிடந்த இடத்துக்கும் நடுவே எட்டடி இருந்தது. பிடித்தாகிவிட்டது என்று கூட்டம் ஆரவாரம் செய்த பிறகும் ஒரு கணம் அப்படியே நின்றான். ஆரவாரம் தானாக அடங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிம்பல் எழுந்து அவனிடம் போனான். ஆபெலின் கண்ணாடியைக் கழற்றினான். எதையோ கேட்டான். பிறகு பெஞ்சைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

வெர்ன் நடந்து போனார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஆபெலின் கழுத்தில் கை போட்டுக் கூட்டிவந்தார். பையன் அழுதுகொண்டே வந்தான், மறைக்கவும் இல்லை. படியில் டுவேனைத் தாண்டும்போது, "இப்ப திருப்தியா?" என்றான்.

டுவேன் கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். மூன்றாவது வரிசையில் அட்டை நேராகத் திரும்பியது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லெஃப்ட்டைத் தாண்டும்போது கிம்பல் முழங்கைப் புல்லைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "நின்னுருந்தேன்னா இந்நேரம் ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க." கொஞ்சம் கழித்து, "மன்னிச்சுக்க, பெரிசு" என்றான்.

மன்னிப்பு மன்னிப்புதான், ஆட்டம் வேறு. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, ஒரு பந்து சென்டருக்கும் ரைட்டுக்கும் நடுவே தாழ்வாகப் பறந்தது. அடிபட்ட சத்தத்திலேயே டுவேன் கிளம்பிவிட்டான். சரியான கோணம், சரியான ஓட்டம். வலது முழங்கால் மட்டும் கடைசி மூன்று எட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. பாய்ந்தான். கையுறைக்கு ஒரு சாண் தள்ளிப் பந்து தரையில் குத்தி வேலிக்கு ஓடியது. பேஸில் நின்ற இருவரும் ரன் எடுத்துவிட்டார்கள். நாலுக்கு மூன்று, ஆர்டன் சிட்டி முன்னால்.

ஒன்பதாவதில், இரண்டு பேர் அவுட் ஆனபின், சமன் செய்கிற ரன்னுக்கு ஒருவன் இரண்டாவது பேஸில் காத்திருக்க, டுவேன் பேட் பிடித்தான். பதினான்கு வருடத்தின் கடைசிப் பந்து அது என்று அப்போது அவன் நினைக்கவில்லை. பந்தை மட்டும்தான் பார்த்தான். நன்றாகவே அடித்தான். கையில் அதிர்வே இல்லாத அடி. அது நேராக எதிரணிக்காரன் ஒருவனின் நெஞ்சுக்கு நேரே போனது. அவன் பிடித்தான். அவ்வளவுதான்.

அந்த எட்டாவது இன்னிங்ஸ் பந்தைப் பையனாக இருந்தால் பிடித்திருப்பான் என்று மார்லோவில் பலர் சொன்னார்கள். டுவேனுக்கும் அதில் சந்தேகம் இல்லை. இரண்டு கண்ணும் சரியாக இருக்கிற ஆபெல் கட்டாயம் பிடித்திருப்பான்.

கிரெட்டா நாலு மணிவாக்கில் வந்து ஆபெலைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பு உடைந்து, கண்ணின் அடித்தசை அந்த இடுக்கில் சிக்கிக் கண்ணை மேலே திரும்பவிடாமல் பிடித்திருக்கிறது என்று விச்சிட்டா நகர ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்திருந்தால் அந்தக் கண்ணைப் பற்றி உறுதி சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். கிரெட்டா அதை போனில் சொல்லும்போது குரல் உடைந்தது. மேலே பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள்.

ஆபெலின் அம்மா லரேடோவிலிருந்து பஸ்ஸில் வந்து சேர செவ்வாய் சாயங்காலம் ஆகும். நடீனும் இமானியும் திங்களன்று ஊர் திரும்பினார்கள். டுவேன் அவர்களோடு போகவில்லை. செவ்வாய் காலை ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆபெல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். டுவேன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அந்த ஆளு போயிட்டாரா?" என்று கேட்டான் ஆபெல், திரும்பாமலே.

"போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி கோச்கிட்ட வந்து, என்ன அடின்னு கேட்டாராம். எப்ப குணமாகும்னும் கேட்டாராம். வேற ஒண்ணும் சொல்லல."

"கேட்டாரா?"

"கேட்டாரு. அதுக்கு மேல நானா எதையும் சேத்துச் சொல்ல மாட்டேன்."

ஆபெல் அதை யோசித்தான். "அவரு முன்னாடி அப்படி நின்னுட்டேன். கையை விரிச்சுட்டு. முட்டாள் மாதிரி."

"ஆமா."

"இல்லன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"அதே ஊரு, அதே கூட்டம், அவங்க கண்ணு முன்னாடியே நான் எட்டாவதுல மண்ணைக் கவ்வுனேன். சேந்தே வெக்கப்படுவோம்."

ஆபெலின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து பார்க்கத் தெரியவில்லை.

நர்ஸ் ஒருத்தி காகிதங்களோடு வந்தாள். சிகிச்சை முடியும்வரை வெளியே இருக்கப்போகிறவர் பெயர் வேண்டும் என்றாள். டுவேன் கையெழுத்துப் போட்டான். அவள் அடுத்த கட்டத்தைக் காட்டினாள். "நீங்க இவருக்கு என்ன உறவு?"

டுவேன் பேனாவோடு யோசித்தான். "இவன் இடத்துல ஆடுறவன்னு எழுதலாமா?"

"தப்பு" என்றான் ஆபெல் கட்டிலிலிருந்து. முதல்முறையாக இந்தப் பக்கம் திரும்பினான். கன்னம் இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது. "நான்தான் அவரு இடத்துல ஆடுனேன்."

நர்ஸுக்கு இரண்டும் புரியவில்லை. நண்பர் என்று தானே எழுதிக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள். டுவேன் தாழ்வாரத்தின் கடைசிக் கதவுவரை கூடவே நடந்தான், வலது காலைச் சற்று இழுத்தபடி.